டியிலிருந்து எஃப்புக்குப் போக எந்த விரல்?

துளைக்கருவி வாசிப்பவர்களுக்கான கேள்வி-பதில் பகுதி இது. இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு ஓபோவைப் பற்றியவை, ஆறுமே சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு மூன்று ஃபிங்கரிங், அதாவது விரல் வைக்கும் முறை, இருந்தால் எதை எடுப்பது? அதனால் புல்லாங்குழல், கிளாரினெட் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இடம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன். ஓபோவைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வரி: இரட்டை ரீட் வைத்து ஊதும் கருவி, நம் நாதஸ்வரத்துக்கு உறவு. கச்சேரி தொடங்கும் முன்னால் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் சுருதி சேர்ப்பது இதன் ஏ ஸ்வரத்தோடுதான். ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி என்பவை மேற்கத்திய ஸ்வரங்களின் பெயர்கள். பிளாட் என்றால் அதற்கு அரைப் படி கீழே, ஷார்ப் என்றால் அரைப் படி மேலே. கீ என்பது துளையைத் திறக்கவோ மூடவோ விரலால் அழுத்தும் நெம்புகோல்.

கேள்வி: சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கிறேன். பள்ளி பேண்டில் போன வருஷம் எனக்கு ஓபோ கொடுத்தார்கள். ஃபிங்கரிங் சார்ட்டில் எஃப்புக்கு மட்டும் மூன்று படம் போட்டிருக்கிறது. மூன்றும் ஒரே ஸ்வரம்தானே, எது சுலபமோ அதையே எப்போதும் வாசித்தால் என்ன? எங்கள் சீனியர் அக்கா எல்லா இடத்திலும் ஃபோர்க் எஃப்தான் வாசிக்கிறார்.

பதில்: வேண்டாம். எது சுலபம் என்பதை எஃப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் எந்த ஸ்வரத்தில் இருந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

முதலில் மூன்றையும் விரலில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் இடது கை மூன்று விரலும் மூடியிருக்கும், வலது ஆள்காட்டி விரலும் மூடியிருக்கும். சாதாரண எஃப்பில் வலது நடுவிரலும் மூடும், மோதிர விரல் தன் வழக்கமான டி தட்டில் இல்லாமல் அதற்குச் சற்று மேலே இருக்கிற சின்ன எஃப் கீயை அழுத்தும். இடது எஃப்பில் அதே வேலையை இடது கை சுண்டுவிரல் செய்யும், வலது மோதிர விரல் சும்மா இருக்கும். ஃபோர்க்கில் நடுவிரல் மேலே வந்துவிடும், ஆள்காட்டியும் மோதிர விரலும் கீழே இருக்கும், முள்கரண்டி மாதிரி. அதனால்தான் அந்தப் பெயர்.

இப்போது டி ஊதுங்கள். ஆறு விரலும் மூடியிருக்கிறது. அதிலிருந்து சாதாரண எஃப்புக்குப் போங்கள், ரொம்ப மெதுவாக. மோதிர விரல் டி தட்டை விட்டுக் கிளம்பி எஃப் கீக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையா? அது கிளம்பின நொடிக்கும் போய்ச் சேர்ந்த நொடிக்கும் நடுவில் உங்கள் கையில் இருப்பது என்ன விரல் அமைப்பு? இடது மூன்று, வலது இரண்டு. அது ஈ! நீங்கள் டி, எஃப் என்று இரண்டு ஸ்வரம் வாசித்ததாக நினைப்பீர்கள், கேட்பவர் காதில் டி, ஈ, எஃப் என்று மூன்று விழும். நடுவில் வரும் அந்த ஈ ஒரு துணுக்குதான், ஆனால் லெகாட்டோவில், அதாவது நாக்கு வைக்காமல் ஒரே மூச்சில் இழைத்து வாசிக்கும்போது, அது சட்டையில் ஒட்டிய சோற்றுப் பருக்கை போலத் தெரியும். உங்கள் காதுக்கு எட்டவில்லை என்றால் போனில் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். நான் சொல்லிக்கொடுக்கிற எல்லாருக்கும் முதல் மாதமே இதைச் செய்து காட்டுவேன். தன் ஈயைத் தானே கேட்ட பிறகு யாரும் என்னிடம் "ஏன் சார் மாத்தணும்" என்று கேட்டதில்லை.

அதே டியிலிருந்து ஃபோர்க் எஃப்புக்குப் போங்கள். நடுவிரலை மட்டும் தூக்கினால் போதும், வேறு எதுவும் அசையாது. இடது எஃப்புக்குப் போனால் வலது மோதிர விரல் எழும்ப வேண்டும், அதே கணம் இடது சுண்டுவிரல் இறங்க வேண்டும். இரண்டு கையும் ஒன்றாகப் பேசிக்கொள்ளப் பழக வேண்டும், அவ்வளவுதான், நடுவில் தப்பு ஸ்வரம் வரவேண்டிய அவசியம் இல்லை.

ஆக, மனப்பாடம் செய்ய வேண்டியது மூன்று படத்தை இல்லை, மோதிர விரல் எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்வியை. கீழ்ப் பகுதியில் டி, ஈ பிளாட், டி பிளாட், சி, பி, பி பிளாட் எல்லாவற்றிலும் வலது மோதிர விரல் டி தட்டில் உட்கார்ந்திருக்கும். இவற்றில் ஒன்று எஃப்புக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டி வந்தால் சாதாரண எஃப் வேண்டாம். மற்ற எல்லா இடத்திலும், ஈயிலிருந்து வந்தாலும் ஜியிலிருந்து வந்தாலும் ஏயிலிருந்து குதித்தாலும், சாதாரண எஃப்தான். ஓர் எண்மம், அதாவது ஆக்டேவ், மேலேயும் இதே கதைதான், ஆனால் ஒரு எச்சரிக்கை: அடி சியில் கை முழுக்க மூடியிருக்கும், நடு சியில் இடது ஆள்காட்டியும் வலது ஆள்காட்டியும் மட்டும்தான். அதனால் நடு சியிலிருந்து எஃப்புக்குப் போகும்போது மோதிர விரல் காலியாகவே இருக்கிறது, தாராளமாகச் சாதாரண எஃப் எடுக்கலாம். "சி பக்கத்தில் இருந்தால் ஃபோர்க்" என்று மொத்தமாகப் பழகிவிட்டவர்கள் இங்கே தேவையில்லாமல் ஒலியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இடதா ஃபோர்க்கா என்று வந்தால் நான் இடதின் பக்கம். காரணம் ஒலி. இடது கீயும் வலது கீயும் திறப்பது ஒரே துளையை, எனவே இரண்டும் ஒரே குரலில் பேசும். ஃபோர்க்கில் ஒரு துளை திறந்திருக்கும், அதற்கு அடுத்த துளை மூடியிருக்கும், காற்று தாராளமாக வெளியே போக வழி இல்லாமல் ஒலி கொஞ்சம் அடைத்த மாதிரி வரும். வேகமாகப் போகிற இடத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு மாத்திரை, நான்கு மாத்திரை நீளும் எஃப்பை ஃபோர்க்கில் வாசித்தால், பாடிக்கொண்டே வந்தவர் ஒரு எழுத்துக்கு மட்டும் வாயில் கையை வைத்தது போல இருக்கும். உங்கள் சீனியர் அக்காவுக்கு விரல் நன்றாக ஓடுகிறது என்று நினைக்கிறேன். அவரிடம் ஒரு தடவை ஈ, எஃப், ஜி என்று மெதுவாக, ஒரு தடவை ஃபோர்க்கிலும் ஒரு தடவை சாதாரண எஃப்பிலும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டுவிடலாம்.

கேள்வி: டொரன்டோவில் இருக்கிறோம். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இரவல் கொடுத்த ஓபோவில் இடது எஃப் கீயே இல்லை. ஆசிரியர் புத்தகத்தில் இடது எஃப் என்று குறித்து அனுப்புகிறார், பிள்ளை தேடித் தேடி அழுகிறான். பழைய ஓபோ ஒன்று வாங்கலாமா என்றும் யோசிக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பிள்ளையிடம் முதலில் சொல்லுங்கள், அது அவன் குற்றம் இல்லை. ஆரம்ப மாணவர்களுக்கான ஓபோக்களில் பலவற்றில் இடது எஃப் கீ வைக்கமாட்டார்கள். அந்தக் கருவியில் டி-எஃப் வந்தால் ஃபோர்க்தான், வேறு வழி இல்லை. இதை ஆசிரியருக்கும் ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள், இருபது முப்பது பிள்ளைகளை ஒன்றாக வைத்து நடத்துகிறவர் ஒவ்வொரு கருவியையும் திருப்பிப் பார்த்திருக்கமாட்டார்.

ஃபோர்க்கை நன்றாக ஒலிக்க வைக்க ஒன்று பார்க்க வேண்டும். சில ஓபோக்களில் எஃப் ரெசனன்ஸ் கீ என்று ஒன்று உண்டு. ஃபோர்க் விரல் வைத்தவுடன் தானாகத் திறந்து அடைத்த ஒலிக்கு ஒரு ஜன்னல் வைத்துக் கொடுக்கும். ஊதாமலே சோதிக்கலாம்: ஃபோர்க் எஃப்புக்கு விரலை வைத்து, கீழ்த் துண்டில் ஏதாவது ஒரு சின்ன மூடி எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் அந்தக் கீ இருக்கிறது, ஃபோர்க்கை அப்படியே வாசிக்கலாம். இல்லை என்றால் வலது சுண்டுவிரலால் ஈ பிளாட் கீயையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள், ஒலி திறந்து வரும், சுருதியும் நிற்கும். ரெசனன்ஸ் கீ இருக்கிற கருவியில் ஈ பிளாட்டையும் சேர்த்தால் சுருதி ஏறிவிடும். இரவல் கருவியில் பழகிவிட்டு நல்ல கருவிக்கு மாறும் பிள்ளைகள் எல்லாரும் இந்த இடத்தில் சில வாரம் தடுமாறுவார்கள். சுண்டுவிரல் பழக்கத்தில் தானாகப் போய் உட்காரும். டியூனரை முன்னால் வைத்துக்கொண்டு எடுத்துவிட வேண்டியதுதான்.

வாங்குவதாக இருந்தால் நான் இடது எஃப் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். மரமா பிளாஸ்டிக்கா, கீக்கு என்ன பூச்சு என்பதெல்லாம் அப்புறம். கனடா குளிரில் புது மரக் கருவி வெடிக்கிற பயம் வேறு இருக்கிறது, எனவே பிளாஸ்டிக் உடல், முழுக் கீ அமைப்பு, இடது எஃப், இப்படி ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் ஓபோ வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி ஊதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த தேர்வுக்கு டி பிளாட் மேஜர் ஸ்கேலும் (ஸ்வர வரிசை) ஆர்பேஜியோவும் (அதன் சில ஸ்வரங்களை மட்டும் தாவித் தாவி எடுப்பது) வாசிக்க வேண்டும். இடது எஃப் உள்ள கருவிதான். ஆனாலும் எந்த வேகத்திலும் ஓரிடத்தில் சிக்குகிறது. விரல் பலம் போதவில்லையா?

பதில்: பலம் எல்லாம் போதும். திட்டம்தான் இல்லை. இந்த ஸ்கேலில் இரண்டு சுண்டுவிரல்களுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வருகிறது, அதைப் பிரித்துக் கொடுக்காமல் வாசித்தால் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் சிக்கும்.

விரல் விரலாகப் போவோம். டி பிளாட்: வலது சுண்டுவிரல். அடுத்து ஈ பிளாட், அதற்கும் வழக்கமான கீ வலது சுண்டுவிரலில்தான். ஒரே விரல் ஒரு கீயிலிருந்து இன்னொரு கீக்குச் சறுக்க வேண்டும். சறுக்காதீர்கள், இடது சுண்டுவிரலில் இன்னொரு ஈ பிளாட் கீ இருக்கிறது, அதை எடுங்கள். சரி, இப்போது எஃப். மோதிர விரல் டி தட்டில் இருக்கிறது, எனவே சாதாரண எஃப் கிடையாது. இடது சுண்டுவிரல் ஈ பிளாட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எனவே இடது எஃப்பும் கிடையாது. மிச்சம் ஃபோர்க். இடது சுண்டுவிரலை விட்டு நடுவிரலைத் தூக்கினால் எஃப் வந்துவிட்டது. அடுத்த ஜி பிளாட்டுக்கு மோதிர விரலை எடுத்தால் போதும். அதற்கடுத்த ஏ பிளாட்டுக்கு இடது சுண்டுவிரல் வேண்டும், அது எஃப்பிலேயே காலியாகிவிட்டதால் தயாராகக் காத்திருக்கிறது. ஒரு இடத்திலும் சறுக்கல் இல்லை பாருங்கள்.

ஆர்பேஜியோவில் டி பிளாட், எஃப், ஏ பிளாட். இங்கே நடுவில் ஈ பிளாட் இல்லை, இடது சுண்டுவிரல் சும்மாதான் இருக்கிறது, எனவே இடது எஃப் எடுக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பல வருஷம் முன்னால் ஒரு தேர்வறையில், வீட்டில் எதையும் குறித்துவைக்காமல் போன நான், அந்த நிமிஷத்தில் இடது எஃப் எடுத்தேன். எஃப் அழகாக வந்தது. அடுத்து ஏ பிளாட்டுக்கு அதே சுண்டுவிரல்தான் வேண்டும் என்பது எஃப்பில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. சுண்டுவிரல் இரண்டு கீக்கும் நடுவில் தடுக்கி, சுத்தமான ஜி ஒன்று கேட்டது, அறை முழுக்கக் கேட்டது. மதிப்பெண் குறைந்ததை விட, எனக்குத் தெரிந்த ஒன்றை நான் யோசிக்காமல் விட்டது நெடுநாள் உறுத்தியது. டி பிளாட் ஆர்பேஜியோவுக்கு ஃபோர்க். டி மைனர் ஆர்பேஜியோவுக்கு, அங்கே எஃப்புக்கு அப்புறம் ஏ, இடது எஃப். எஃப் மைனருக்கு, எஃப்பிலிருந்து ஏ பிளாட்டுக்குப் போகிறோம், மோதிர விரலுக்கு வேறு வேலை இல்லை, சாதாரண எஃப். மூன்று ஆர்பேஜியோ, மூன்று விதமான எஃப். இதை ஒரு நாள் மாலை உட்கார்ந்து வரிசையாக வாசித்துப் பார்த்தால், இந்தப் பகுதியில் நான் எழுதுவதெல்லாம் கைக்கு வந்துவிடும்.

தேர்வோடு இது முடிவதும் இல்லை. ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி 1877, 1878-ல் எழுதிய நான்காம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியை ஓபோதான் தொடங்கி வைக்கும். பி பிளாட் மைனர், அதாவது உங்கள் டி பிளாட் மேஜரின் அதே ஐந்து பிளாட். தந்திக் கருவிகள் விரலால் மீட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க, ஓபோ ஒன்று மட்டும் எளிமையாக, அலங்காரம் இல்லாமல் பாட வேண்டும். அவ்வளவு திறந்த இடத்தில் சறுக்கிய ஈ பிளாட்டை ஒளித்துவைக்க எங்கேயும் மறைவு கிடையாது. இடது ஈ பிளாட்டை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். அடி சி-ஈ பிளாட்டுக்கும் அதுதான் வழி, சி மைனர் ஆர்பேஜியோவில் உடனே தேவைப்படும். ஆனால் சி, டி, ஈ பிளாட் என்று படிப்படியாக ஏறினால் நடுவில் டி வந்து வலது சுண்டுவிரலுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்துவிடுகிறது, அங்கே வலது ஈ பிளாட்டே போதும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன்: ஷார்ப் ஸ்கேல்களில் எஃப் ஷார்ப், ஜி ஷார்ப் மாறி மாறி வந்தால் ஜி ஷார்ப் கீயை விடாமல் பிடித்துக்கொண்டே இருங்கள். வலது ஆள்காட்டி இறங்கும்போது அந்த மூடியும் சேர்ந்து மூடிக்கொள்ளும்படிதான் இன்றைய ஓபோவைச் செய்திருக்கிறார்கள். சுண்டுவிரல் ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கிக் களைத்துப்போக வேண்டாம்.

கேள்வி: என் மகள் லண்டனில் தம்ப்பிளேட் (இடது கட்டை விரலுக்கு ஒரு தட்டு உள்ள) ஓபோவில் எட்டு வருஷம் படித்தவள். இப்போது மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறாள், அங்கே யாரும் தம்ப்பிளேட் வாசிப்பதில்லை என்கிறார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டுமா?

பதில்: இல்லவே இல்லை. மாறுவது முக்கியமாக நடுப்பகுதி பி பிளாட்டும் சியும், அவற்றின் மேல் எண்மங்களும். அமெரிக்காவில் வழக்கமான கன்சர்வேட்டரி என்ற கீ அமைப்பில் இவற்றுக்கு வலது ஆள்காட்டியை வைக்க வேண்டும். தம்ப்பிளேட்டில் இடது கட்டை விரலைத் தட்டிலிருந்து எடுத்தால் அதே வேலை நடக்கும். பிரிட்டனில் தம்ப்பிளேட் பரவலாக நின்றுவிட்டது. அமெரிக்காவுக்கு ஓபோ வந்த வழி பாரிஸ் வழி. பாரிஸ் கன்சர்வேட்டரியில் ஜார்ஜ் ழிலேயிடம் படித்த மார்செல் தபுத்தோ 1915 முதல் 1954 வரை ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவின் முதல் ஓபோவாக இருந்தார், கர்ட்டிஸ் இசைப்பள்ளியில் அவரிடம் படித்தவர்கள் நாடு முழுவதும் போய் உட்கார்ந்தார்கள். அதனால் அங்கே கன்சர்வேட்டரி அமைப்புதான்.

உங்கள் மகளுக்கு எங்கே வலிக்கும் என்றால் ஏ-சி போன்ற இடத்தில். தம்ப்பிளேட்டில் இடது நடுவிரலும் கட்டை விரலும் ஒரே கையில், ஒரே திசையில் எழும்பும், வழுக்கிக்கொண்டு வரும். கன்சர்வேட்டரியில் இடது கையில் ஒரு விரல் எழும்ப, வலது கையில் ஒரு விரல் இறங்க வேண்டும். ஒரு இம்மி பிசகினாலும் நடுவில் பி கேட்கும். தினம் பத்து நிமிஷம், ஏ-சி, ஜி-பி பிளாட், மெதுவாக, நாக்கு வைக்காமல். இரண்டு அமைப்பும் சேர்ந்த ஓபோக்கள் நிறையவே உண்டு, மகளுடையது அப்படி இருந்தால் கருவியை மாற்றவே வேண்டாம், கட்டை விரல் தட்டில் இருந்தபடியே இருக்கட்டும். தம்ப்பிளேட்டை மறந்துவிடு என்று யாராவது சொன்னால் அதை மட்டும் கேட்க வேண்டாம். எட்டு வருஷத்தில் சேர்த்த இன்னொரு வழி அது, ஏதோ ஒரு கடினமான வரியில் அவளுக்கு மட்டும் கைகொடுக்கும்.

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். தாத்தா நாதஸ்வரம் வாசித்தவர். நான் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே ஓபோ கற்கிறேன். இத்தனை கீ எதற்கு, எங்களுக்கு ஏழு துளை போதுமே என்று தாத்தா கேட்கிறார். ஃபோர்க் எஃப் என்பது குறுக்கு வழி, முறையான வாசிப்பு இல்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார். இரண்டு பேருக்கும் என்ன பதில் சொல்வது?

பதில்: நண்பருக்கான பதில் முதலில். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து ஓபோவில் இருந்தது இரண்டு அல்லது மூன்று கீதான். அந்தக் கருவியில் எஃப் என்றாலே ஃபோர்க்தான், அதுதான் முறையான எஃப். இன்று அந்தப் பழைய கருவிகளின் பிரதிகளில் வாசிப்பவர்களும் அப்படியே வாசிக்கிறார்கள். எஃப்புக்கென்று தனிக் கீ வந்தது பிறகுதான், 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ட்ரியேபேர் குடும்பத்துப் பட்டறை போன்ற இடங்களில் கீ மேல் கீயாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஆக, எது மூத்தது என்று பார்த்தால் ஃபோர்க்தான் மூத்தது. நான் மேலே ஃபோர்க்கைக் கடைசியில் வைத்துச் சொன்னது இன்றைய கருவியில் அதன் ஒலியை வைத்து மட்டுமே. அதில் முறைகேடு எதுவும் இல்லை.

தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்பது சரியான கேள்வி. நாதஸ்வரத்தில் துளையைப் பாதி மூடி, கால்வாசி மூடி, உதட்டாலும் மூச்சாலும் சீவாளியைப் பிடித்து, ஒரே துளையில் எத்தனை இடம் எடுக்கிறார்கள்! அங்கே ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு வழி மூன்று வழி என்று எண்ணவே முடியாது, விரல் நகரும் தூரமெல்லாம் வழிதான். ஓபோவில் அரைத்துளை உண்டு. நடுப்பகுதி சி ஷார்ப், டி, ஈ பிளாட் மூன்றுக்கும் இடது ஆள்காட்டியைத் தூக்காமல் கீழ்ப்புறமாக உருட்டி, நடுவில் இருக்கும் சின்னத் துளையைத் திறக்கிறோம். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து அதை மட்டும் செய்து காட்டுங்கள், உடனே அடையாளம் கண்டுகொள்வார். ஆனால் ஓபோவுக்கு வைக்கப்பட்ட வேலை வேறு: பன்னிரண்டு ஸ்வரமும், எந்த ஸ்கேலிலும், பக்கத்தில் இருக்கும் ஐம்பது அறுபது பேரின் சுருதியோடு, ஒரே நிறத்தில் வர வேண்டும். அதற்காகத்தான் அத்தனை கீ.

நிறம் மாறவே வேண்டும் என்று எழுதியவர்களும் உண்டு, இதைத் தாத்தாவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோ 1969-ல் ஓபோ கலைஞர் ஹைன்ஸ் ஹோலிகருக்காக எழுதிய ஏழாம் செக்வென்சா, தனி ஓபோவுக்கான படைப்பு. பின்னணியில் ஒரு பி ஸ்வரம் மெல்லியதாக விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார், நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுவார்களே, அது போல. அதன் மேல் ஓபோ அதே பியைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறது, வெவ்வேறு ஃபிங்கரிங்கில், அதையும் அவரே குறித்திருக்கிறார். ஒரே ஸ்வரம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் வந்து சொன்னது போல இருக்கும். நாம் இத்தனை நேரம் மறைக்கப் பாடுபட்ட அந்த வித்தியாசம் அங்கே இசையாகிவிடுகிறது.

கேள்வி: நோட்டில் ஃபிங்கரிங் குறித்துவைத்தால் பிள்ளைகள் யோசிக்க மறந்துவிடுவார்கள் என்கிறார் எங்கள் ஆசிரியர். குறிக்கலாமா கூடாதா? குறித்தால் எப்படி?

பதில்: உங்கள் ஆசிரியர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் யோசிக்க வேண்டியது வீட்டில், மெதுவாக வாசிக்கும்போது, மோதிர விரலும் சுண்டுவிரலும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துப் பார்த்து. அப்படி யோசித்து எடுத்த முடிவை பென்சிலால் எழுதிவிட்டால் மேடையில் அதே முடிவை இரண்டாம் தடவை எடுக்க வேண்டியதில்லை. ஒரு நாள் இடது, மறுநாள் ஃபோர்க் என்று மாற்றி மாற்றிப் பழகினால் விரலுக்கு எதுவும் பதியாது. எல்லா எஃப்பின் மேலும் எழுத வேண்டாம், சாதாரண எஃப்புக்கு எதுவும் வேண்டாம், மற்ற இரண்டுக்கு மட்டும். நான் இடதுக்கு "இ" என்றும் ஃபோர்க்குக்கு "ஃ" என்றும் போடுகிறேன். ஆய்த எழுத்தைப் பார்த்தாலே மேலே ஒன்று, கீழே இரண்டு என்று ஃபோர்க் விரல் மாதிரியே இருக்கிறது: எழும்பி நிற்கும் நடுவிரல், இரண்டு பக்கமும் இறங்கிய விரல்கள். என்னிடம் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்ன நாளிலிருந்து யாரும் ஃபோர்க்கை மறக்கவில்லை.

வாடகைக்கு வரும் ஆர்கெஸ்ட்ரா நோட்டுகளைத் திறந்தால், முன்னால் வாசித்த யாரோ ஒருவர் எஃப்பின் தலையில் அழுத்தமாக ஒரு "எல்" (லெஃப்ட், அதாவது இடது) போட்டு, அதை அடித்து, கீழே ஃபோர்க் என்று எழுதியிருப்பார். எந்த ஊர்க்காரரோ, அந்த வரியில் அவருடைய சுண்டுவிரல் எந்தக் கீயில் மாட்டிக்கொண்டது என்பது வரை அந்தப் பென்சில் கோட்டில் தெரிந்துவிடும். அதை அழிக்காமல் பக்கத்தில் என் குறியைப் போட்டுத்தான் திருப்பி அனுப்புவேன்.